வானியல் சங்கத்தின் சனிக்கிழமைப் பேச்சுகள்: போகலாமா?

ஒன்றரை வருடமாக எங்கள் பகுதி அமெச்சூர் வானியல் சங்கம் மாதாமாதம் நடத்தும் பொதுப் பேச்சுக்குப் போய் வருகிறேன். பதினாறு முறை கிளம்பியிருக்கிறேன், அதில் இரண்டு முறை பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன் (அந்தப் புலம்பல் கீழே வருகிறது). ஆக, பதினான்கு பேச்சு. "நமக்கெல்லாம் புரியுமா, போனால் நேரம் வீணாகிவிடுமா" என்று தெரிந்தவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பதால் மொத்தமாக இங்கே எழுதி வைத்துவிடுகிறேன். அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரே வரி: போங்கள், ஆனால் யார் பேசுகிறார் என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

ஏற்பாடு எளிமையானது. மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை மாலை, இரவல் வாங்கிய ஓர் அரங்கம், எண்பது நாற்காலி, ஒரு மணி நேரப் பேச்சு, அரை மணி நேரம் கேள்வி, அப்புறம் வானம் தெளிவாக இருந்தால் வெளியே மைதானத்தில் நாலைந்து டெலஸ்கோப். கட்டணம் கிடையாது, பெயர் பதிய வேண்டாம், உறுப்பினர் ஆகச் சொல்லி யாரும் கையைப் பிடித்து இழுப்பதும் இல்லை. நடத்துகிறவர்கள் எல்லாருக்கும் பகலில் வேறு வேலை, இது ஆசைக்குச் செய்வது. அதை மனதில் வைத்துத்தான் குறைகளைச் சொல்கிறேன், சொல்லாமல் விடப்போவதில்லை.

முதல் தடவையே நான் ஓடிப்போயிருக்க வேண்டியது. ஈர்ப்பு அலைகள் (வெளியையே நீட்டிச் சுருக்கிக்கொண்டு பரவும் அலைகள்) பற்றிய பேச்சு. வெளியிலிருந்து அழைத்து வந்த விருந்தினர், விஷயம் தெரிந்தவர் என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்றுச் சொச்சம் ஸ்லைடு. சமன்பாடு, அதற்கு மேல் இன்னொரு சமன்பாடு, நடுவில் இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றும் அனிமேஷன். 2015 செப்டம்பர் 14 அன்று லைகோ கருவிகள் முதல் அலையைப் பிடித்தன என்ற தேதியை மட்டும் மூன்று முறை சொன்னார். அந்தக் கருவியின் ஒவ்வொரு கையும் 4 கிலோமீட்டர் நீளம், அலை கடந்துபோனபோது அந்த நீளத்தில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டானின் அகலத்தைவிடப் பல நூறு மடங்கு சிறியது. தெருவில் ஒரு லாரி போனாலே தரை அதிருமே, அதற்கு நடுவில் இதை எப்படிப் பிரித்து எடுத்தார்கள்? சுமார் 3,000 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு கருவிகளிலும் அதே வடிவத்தில், ஒரு நொடியில் நூறில் ஒரு பங்குகூட இல்லாத இடைவெளியில் அது வந்தது என்பதுதான் கதையின் உயிர். அதை ஒற்றை வரியில் தாண்டி அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டார். நானே வீட்டுக்கு வந்து படித்துத்தான் தெரிந்துகொண்டேன். பக்கத்து நாற்காலிக்காரர் இருபதாவது நிமிடத்திலேயே தூங்கிவிட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது.

வெளியே வரும்போது நாற்காலி அடுக்கிக்கொண்டிருந்த ஒருவர் என் முகத்தைப் பார்த்திருப்பார் போல. "அடுத்த மாசம் வாங்க, எங்க ஆளே பேசுறாங்க" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகப் போனேன்.

அந்த இரண்டாவது பேச்சுதான் என்னை அங்கே பிடித்து உட்காரவைத்தது. பேசியவர் பணி ஓய்வு பெற்ற ஓர் அம்மா. தலைப்பு, திருவாதிரை. ஓரியன் வேட்டைக்காரனின் தோளில் சிவப்பாக எரியுமே, ஆங்கிலத்தில் பெட்டல்ஜூஸ் என்பார்கள், அது. 2019 கடைசியில் அது மங்கத் தொடங்கியதும் 'இதோ வெடிக்கப் போகிறது' என்று ஊரெல்லாம் செய்தி ஓடியது நினைவிருக்கும். இந்த அம்மா அந்த மாதங்கள் முழுக்க, மேகம் இல்லாத ஒவ்வொரு இரவும், வெறும் கண்ணால் அதன் பொலிவைக் குறித்து வைத்திருக்கிறார். டெலஸ்கோப் இல்லை, பைனாகுலர்கூட இல்லை. கோடு போட்ட ஒரு நோட்டு, ஒரு பென்சில். அந்த நோட்டின் பக்கங்களைப் படம் பிடித்துத் திரையில் போட்டார், மொத்தம் பதினொரு ஸ்லைடுதான்.

எப்படி அளக்கிறார் என்பதைச் சொன்ன விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. விண்மீன்களின் பொலிவுக்கு ஓர் எண் உண்டு, எண் குறையக் குறையப் பிரகாசம் அதிகம் (தலைகீழ் கணக்கு, முதலில் எல்லாருக்கும் குழம்பும்). ஐந்து படி வித்தியாசம் என்றால் ஒளியில் சரியாக நூறு மடங்கு, ஒரு படி என்றால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. திருவாதிரை வழக்கமாக 0.5-ஐ ஒட்டி இருக்கும். அதைவிடப் பிரகாசமான ஒன்று, மங்கலான ஒன்று என இரண்டு விண்மீன்களைப் பக்கத்தில் தேர்ந்தெடுத்துக்கொண்டு, இது அந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறது என்று கண் மதிப்பாகச் சொல்ல வேண்டும். ரோகிணிக்குச் சமமா, அதைவிடக் கொஞ்சம் தாழ்வா? அவ்வளவுதான் வித்தை. வானில் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருப்பவற்றோடுதான் ஒப்பிட வேண்டும், ஏனென்றால் தொடுவானத்துக்கு அருகில் காற்று ஒளியைத் தின்றுவிடும். இன்னொன்று, சிவப்பு விண்மீனை முறைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தால் அது கண்ணுக்குப் பிரகாசமாகிக்கொண்டே போகும், அதனால் சட்டென்று பார்த்துச் சட்டென்று விலக வேண்டும். இதையெல்லாம் சொல்லிவிட்டு, ஒரு நாள் தாமே இந்தத் தப்பைச் செய்து எழுதிய எண்ணைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். அந்தப் புள்ளி மட்டும் வரைபடத்தில் தனியாக மேலே தொங்கிக்கொண்டிருந்தது. அரங்கம் சிரித்தது, அவரும் சிரித்தார்.

2020 பிப்ரவரியில் அது 1.6 வரை இறங்கியது. அதாவது வழக்கமான ஒளியில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் மிச்சம். வேட்டைக்காரனின் இன்னொரு தோளில் இருக்கும் பெல்லாட்ரிக்ஸும் இதுவும் ஒரே மாதிரி தெரிந்த இரவைப் பற்றிச் சொன்னபோது அந்த அம்மாவின் குரலே மாறிவிட்டது. சின்ன வயதிலிருந்து பார்த்த முகம் திடீரென்று அடையாளம் தெரியாமல் போன மாதிரி இருந்ததாம். அப்புறம்தான் காரணத்துக்கு வந்தார். விண்மீன் ஒரு பெரிய வாயுக் குமிழியை வெளியே துப்பியிருக்கிறது, மேற்பரப்பின் ஒரு பகுதி குளிர்ந்திருக்கிறது, அந்த வாயு உறைந்து தூசியாகி நமக்கும் அதற்கும் நடுவில் திரை போட்டிருக்கிறது. 2021-ல் ஆய்வாளர்கள் இதைப் படங்களோடு விளக்கினார்கள். இதெல்லாம் அங்கே நடந்தது பல நூற்றாண்டுகளுக்கு முன்னால், அந்த ஒளி நம் கண்ணுக்கு வந்து சேர்ந்தது அப்போதுதான் என்று போகிற போக்கில் ஒரு வரி சொன்னார்.

கடைசி ஸ்லைடில் அவருடைய புள்ளிகளையும், உலகம் முழுக்க மற்றவர்கள் அனுப்பிய புள்ளிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தார். ஒளி மாறும் விண்மீன்களைப் பார்ப்பவர்களுக்காக 1911-ல் அமெரிக்காவில் ஒரு சங்கம் தொடங்கினார்கள், இன்றைக்கும் யார் வேண்டுமானாலும் அங்கே தங்கள் கணிப்பை அனுப்பலாம், தொழில்முறை வானியலாளர்களும் அந்தத் தரவை எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். இவருடைய பென்சில் புள்ளிகள் அந்தக் கூட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டன. முடிக்கும்போது அடுத்ததற்கு ஆள் பிடித்தார்: வடமகுடக் கூட்டத்தில் டி கரோனே பொரியாலிஸ் என்று ஒன்று, சாதாரணமாகக் கண்ணுக்கே தெரியாது, 1866-லும் 1946-லும் திடீரென்று வெடித்து வெறும் கண்ணுக்குத் தெரிந்தது, மறுபடி எந்த இரவும் நடக்கலாம். சுவாதிக்குப் பக்கத்தில் அரை வட்டமாக ஒரு சின்ன மாலை போலத் தெரியும் கூட்டம் அது. அன்றிலிருந்து அது வானில் இருக்கும் மாதங்களில், குப்பை கொட்டப் போனால்கூட ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருகிறேன்.

இங்கேதான் எனக்கு ஒரு சூத்திரம் பிடிபட்டது, பதினான்கு பேச்சிலும் அது பெரும்பாலும் பொய்க்கவில்லை. தானே பார்த்ததைப் பேசுகிறவர் நன்றாகப் பேசுகிறார். படித்ததைப் பேசுகிறவர், எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும், இணையத்தில் கிடைப்பதைத்தான் திரும்பச் சொல்கிறார், அதுவும் நீளமாக. விருந்தினர் பேச்சு எல்லாமே மோசம் என்று சொல்லவில்லை, ஒருவர் மலை உச்சி ஆய்வகத்தில் தாம் கழித்த இரவுகளைச் சொன்னார், காற்றின் ஈரப்பதம் ஏறியதும் கூரையை மூடிவிட்டுக் காத்துக்கிடந்த கதை, பிரமாதம். அவரும் பார்த்ததைத்தானே சொன்னார்.

இன்னொன்றைச் சொல்லாமல் இருக்க முடியாது. கல்லூரி வயதுப் பையன் ஒருவன், வேறொரு விண்மீனைச் சுற்றும் கோளைத் தன் டெலஸ்கோப்பால் 'பிடித்த' கதை. எச்டி 189733 என்ற விண்மீன், நம்மிடமிருந்து அறுபது ஒளியாண்டைத் தாண்டிச் சற்றுத் தொலைவில். அதன் கோள் 2.2 நாளுக்கு ஒரு முறை சுற்றிவிடும், ஒவ்வொரு சுற்றிலும் விண்மீனின் முகத்துக்குக் குறுக்கே வரும்போது அதன் ஒளி இரண்டரை சதவீதம் போலக் குறையும், இரண்டு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வந்துவிடும். கோளைப் பார்க்க முடியாது, அந்தச் சின்னப் பள்ளத்தை மட்டும் பார்க்கலாம். முதல் இரவு மேகம். இரண்டாவது தடவை பாதியில் கேமரா பேட்டரி தீர்ந்துவிட்டது, வரைபடத்தில் பள்ளம் இறங்குகிறது, ஏறவே இல்லை. மூன்றாவது தடவை குவியம் நழுவிவிட்டது. நாலாவது தடவைதான் வந்தது, அதுவும் புள்ளிகள் சிதறிக்கிடந்தன, ஆனால் நடுவில் ஒரு குழி இருப்பது கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த எனக்கே தெரிந்தது. தோற்ற மூன்றையும் ஒளிக்காமல் வரிசையாகப் போட்டுக் காட்டினான் பாருங்கள், அதற்காகவே கைதட்டினோம். அவன் பேச்சில் 'ம்ம்', 'அதாவது' எல்லாம் ஏராளம், மைக்கை வேறு மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டான். பரவாயில்லை.

பள்ளி ஆசிரியர் ஒருவர் ஒளியின் வேகம் பற்றிப் பேசியதும் இந்த வகையில் சேரும். ஸ்லைடே போடவில்லை. 1676-ல் டென்மார்க் வானியலாளர் ஓலே ரோமர் வியாழனின் நிலவான அயோவைக் கவனித்து ஒளிக்கு வேகம் உண்டு என்று காட்டிய கதை. அயோ நாற்பத்திரண்டரை மணி நேரத்துக்கு ஒரு முறை வியாழனின் நிழலுக்குள் போகும், கடிகாரம் மாதிரி. ஆனால் பூமி வியாழனை விட்டு விலகிப் போகும் மாதங்களில் அந்தக் கடிகாரம் தாமதமாகிறது, நெருங்கும் மாதங்களில் சரிசெய்துகொள்கிறது. இதை வாயால் சொன்னால் பாதிப் பேருக்குப் புரியாது. அவர் என்ன செய்தார் என்றால், பார்வையாளர்களில் ஒரு பெண்ணைக் கையில் பந்துகளோடு மேடையில் நிறுத்தி, ஐந்து விநாடிக்கு ஒரு பந்து தரையில் உருட்டச் சொன்னார். இன்னொருவர் நடைபாதையில் பின்னோக்கி நடந்துகொண்டே பந்துகளைப் பிடித்து, பிடித்த விநாடியை உரக்கச் சொல்ல வேண்டும். ஐந்து, பத்தரை, பதினாறு... உருட்டுகிற பெண் தாமதிக்கவில்லை, ஆனால் பந்து தாமதமாகிறது. மூன்றாவது பந்திலேயே அரங்கத்தில் 'ஓ' என்று ஒரு சத்தம் எழுந்தது. சூரியனைப் பூமி சுற்றும் பாதையை ஒளி குறுக்கே கடக்க 22 நிமிடம் ஆகும் என்று அப்போது கணக்குப் போட்டார்கள், உண்மையில் பதினாறரை நிமிடத்தைச் சற்றே தாண்டும். தப்பான எண்தான், ஆனால் ஒளி உடனே வந்துவிடுவதில்லை என்பதை நிலைநாட்ட அது போதும்.

பேச்சு இருக்கட்டும், டெலஸ்கோப்புக்கு வருவோம். பாதிப் பேர் வருவதே அதற்காகத்தான்.

முதலில் எதிர்பார்ப்பைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். ஓரியன் நெபுலா (விண்மீன்கள் பிறக்கும் வாயு மேகம்) என்றதும் படங்களில் பார்த்த இளஞ்சிவப்பையும் ஊதாவையும் எதிர்பார்த்துக் குனிந்தால், சாம்பல் நிறத்தில் ஊதிவிட்ட மூச்சு மாதிரி ஒன்று தெரியும், கொஞ்சம் பச்சை தட்டலாம். மங்கலான ஒளியில் நம் கண் நிறத்தைப் பார்க்காது, கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்து வைக்கும், கண்ணால் அது முடியாது. "இவ்வளவுதானா" என்று முகம் சுளித்து நகர்ந்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். நேராகப் பார்க்காமல் கொஞ்சம் ஓரமாகப் பார்வையை வைத்தால் இன்னும் நன்றாகத் தெரியும், விழித்திரையின் ஓரத்தில்தான் மங்கல் ஒளிக்கான செல்கள் அதிகம். இதை வரிசையில் நிற்கும்போதே யாராவது சொல்லிவிட்டால் நன்றாக இருக்கும். ஒரு தன்னார்வலர் சொல்வார், மற்றவர்கள் சொல்ல மாட்டார்கள்.

சனிக்கோள் மட்டும் யாரையும் ஏமாற்றியதில்லை என்று எழுத வந்தேன், அதுவும் ஏமாற்றியது. 2025-ல் வளையங்கள் நமக்கு விளிம்பைக் காட்டிக்கொண்டு நின்றன. பதினைந்து வருடத்துக்கு ஒரு முறை போல நடப்பது இது. எனக்கு முன்னால் நின்றவர், "வளையம் எங்கே, குச்சி சொருகின உருண்டை மாதிரி இருக்கு" என்றார். டெலஸ்கோப்பைக் கவனித்துக்கொண்டிருந்த ஆள் சளைக்கவில்லை. "கலிலியோவுக்கும் இதேதாங்க ஆச்சு" என்று ஆரம்பித்தார். 1610-ல் கலிலியோ சனிக்குப் பக்கத்தில் இரண்டு துணைகள் ஒட்டிக்கொண்டிருப்பதாக நினைத்தார், 1612-ல் பார்த்தால் இரண்டையும் காணோம், மனுஷன் குழம்பிப்போனார். அது வளையம் என்று டச்சு வானியலாளர் ஹைகன்ஸ் 1659-ல் எழுதி வெளியிடும் வரை பலரும் பலவிதமாக வரைந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அகலத்தில் லட்சக்கணக்கான கிலோமீட்டர், தடிமனில் பெரும்பாலான இடங்களில் சில பத்து மீட்டர், அப்படிப்பட்ட ஒரு தட்டை விளிம்பு பக்கமாகப் பார்த்தால் எப்படித் தெரியும்? கேட்டதும் எனக்கு முன்னால் நின்றவர் மறுபடி ஒரு தடவை பார்க்கணும் என்று வரிசையின் கடைசிக்குப் போனார். நானும் போனேன். அந்தப் பத்து நிமிடம், உள்ளே கேட்ட பல ஒரு மணி நேரங்களைவிட மேல்.

இப்போது என் முக்கியமான புகார். நிலா. இரண்டாவது சனிக்கிழமை என்று நாளை நிலையாக வைத்துவிட்டார்கள், நிலாவோ இருபத்தொன்பதரை நாள் கணக்கில் ஓடுகிறது, ஆகவே ஒரு மாதம் அமாவாசையை ஒட்டி வருகிறது, இன்னொரு மாதம் முழு நிலா நடுவானில் நின்று மங்கலான எல்லாவற்றையும் அழித்துவிடுகிறது. முழு நிலா அன்று நிலாவையே பார்க்கலாமே என்பீர்கள். அதற்கும் அது மோசமான நாள்: ஒளி நேராக விழுவதால் பள்ளங்களுக்கு நிழலே இருக்காது, வெள்ளைத் தட்டு மாதிரி கண்ணைக் கூசும். வளர்பிறையில் அரை நிலா சமயத்தில், ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில் கண்ணை வைத்துப் பாருங்கள், மலைகளின் நிழல் நீளமாக விழுந்து கிடக்கும், பள்ளத்தின் அடிப்பகுதி இருட்டில் இருக்க நடுச் சிகரத்தின் நுனி மட்டும் வெளிச்சத்தில் புள்ளியாக மின்னும். வந்தவர்களுக்கு முதன்முதலாகக் காட்ட அதைவிட நல்லது எனக்குத் தெரிந்து இல்லை. வானியல் சங்கத்துக்கே நிலாவின் கணக்கு தெரியாமல் இருக்காது, அரங்கம் அன்றைக்குத்தான் கிடைக்கிறதோ என்னவோ. செயலாளரிடம் இரண்டு முறை சொன்னேன், தலையாட்டினார்.

இதோடு ஒட்டியது இன்னொன்று. கண் இருட்டுக்கு முழுசாகப் பழக இருபதிலிருந்து முப்பது நிமிடம் வேண்டும். ஒன்றரை மணி நேரம் பளிச்சென்ற திரையைப் பார்க்க வைத்துவிட்டு, நேராக வெளியே கூட்டிப்போய் மங்கலான நெபுலாவைக் காட்டினால் என்ன தெரியும்? அதிலும் வரிசையில் நிற்கிறவர்கள் கைப்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள், ஒவ்வொரு தடவையும் கணக்கு பூஜ்யத்திலிருந்து தொடங்கும். சிவப்பு விளக்கு மட்டும் பயன்படுத்துங்கள் என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள், இருட்டில் அந்தப் பலகை யாருக்கும் தெரிவதில்லை. முதல் அரை மணி நேரம் நிலா, கோள், இரட்டை விண்மீன் போன்ற பிரகாசமானவற்றைக் காட்டிவிட்டு, மங்கலானவற்றைக் கடைசிக்கு வைத்தாலே பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

வரிசையில் தவறாமல் வரும் கேள்வி, "இது எத்தனை மடங்கு பெரிசாக்கும்?" பாவம், டெலஸ்கோப் பெட்டிகளே அப்படிப் பழக்கிவிட்டன. ஒரு மாதம் ஒரு அப்பாவும் மகளும் வீட்டில் சும்மா கிடந்த டெலஸ்கோப்பைத் தூக்கி வந்தார்கள், 60 மில்லிமீட்டர் வில்லை, பெட்டியில் 525 மடங்கு என்று கொட்டை எழுத்து. சங்கத்துக்காரர் ஒருவர் கேலி செய்யாமல் உட்கார்ந்து விளக்கினார். மடங்கை ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை) மாற்றி எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம், ஆனால் வில்லை சேர்க்கும் ஒளிக்கு ஒரு எல்லை உண்டு, விட்டத்தின் மில்லிமீட்டருக்கு இரண்டு மடங்கு என்று தோராயமாக வைத்துக்கொண்டால் இதற்கு 120, அதற்கு மேல் பெரிய மங்கல்தான் கிடைக்கும். பெட்டியில் இருந்ததிலேயே குறைந்த மடங்கு ஐபீஸைப் போட்டு, ஆடிக்கொண்டிருந்த முக்காலியின் திருகுகளை முறுக்கி, கீழே ஒரு கனமான பையைத் தொங்கவிட்டு நிலாவுக்குத் திருப்பினார். மகள் பார்த்தாள், அப்பா பார்த்தார், மறுபடி மகள். இது நிகழ்ச்சி நிரலிலேயே இல்லாத சேவை, இதைத்தான் இவர்கள் விளம்பரமே செய்ய வேண்டும்.

கேள்வி நேரம் பற்றிச் சொல்ல வேண்டுமே. மோசம். இரண்டு மூன்று பேர் எல்லாக் கூட்டத்துக்கும் வருவார்கள், மைக் கிடைத்ததும் கேள்வி என்று ஆரம்பித்து ஐந்து நிமிடம் தங்கள் கொள்கையை விளக்குவார்கள், கடைசியில் கேள்விக்குறியே இருக்காது. நெறிப்படுத்துகிறவர் புன்னகையோடு கேட்டுக்கொண்டிருப்பார். முதன்முறை வந்தவர்கள் கையைத் தூக்கித் தூக்கிக் கீழே போட்டுவிடுவார்கள். ஜாதகம் பார்ப்பீர்களா என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார், அதைக்கூட மன்னிக்கலாம், சுருக்கமாகக் கேட்டாரே. நிலவுக்கு மனிதன் போனது நிஜமா என்ற கேள்வி வந்தபோது மட்டும் பதில் அழகாக இருந்தது. 1969-ல் அப்போலோ 11 வைத்துவிட்டு வந்த கண்ணாடிப் பலகைமேல் இன்றைக்கும் லேசர் அடிக்கிறார்கள், ஒளி போய்த் திரும்ப இரண்டரை நொடி, அப்படி அளந்துதான் நிலா வருடத்துக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மை விட்டு விலகுகிறது என்று தெரியும் என்றார். விவாதமாக ஆக்காமல் அத்தோடு உட்கார்ந்துவிட்டார்.

சரி, பூட்டிய கதவு. இரண்டு முறை மழை மேகம் என்று கூட்டத்தையே ரத்து செய்தார்கள். உறுப்பினர்களுக்குச் செய்தி போயிருக்கிறது, எங்களைப் போன்ற வந்து போகிறவர்களுக்கு இல்லை. முதல் தடவை நான் மட்டும் இல்லை, வாசலில் பன்னிரண்டு பேர் நின்றோம், ஒரு கைக்குழந்தை உட்பட. எனக்குப் புரியாதது என்னவென்றால், மேகம் டெலஸ்கோப்பைத்தானே தடுக்கும், பேச்சை என்ன செய்யும்? கூரைக்குக் கீழேதானே பேசுகிறார்கள். ரத்து என்றால் கதவில் ஒரு தாளாவது ஒட்டலாம். இரண்டாவது தடவை ஒட்டியிருந்தார்கள், எழுத்தை மழை கரைத்துவிட்டது.

மைக், புரொஜெக்டர் பற்றி அதிகம் எழுதவில்லை. பதினான்கில் ஒன்பது முறை ஏதோ ஒன்று மக்கர் செய்தது. ஆரம்பிக்கும் நேரம் அறிவித்ததைவிட இருபது நிமிடம் தள்ளித்தான், இது பழகிவிடும்.

ஒரு பகல் நிகழ்ச்சியும் உண்டு, சூரியப் புள்ளிகளைக் காட்டுவார்கள். அதில் மட்டும் ஒழுங்கு கச்சிதம். வடிகட்டி டெலஸ்கோப்பின் முன்பக்கத்தில், நாடா போட்டு ஒட்டி, காற்றில் கழன்றுவிடாதபடி. குறி பார்க்கப் பக்கத்தில் இருக்கும் சின்னத் தேடு குழாயையும் மூடி வைத்திருப்பார்கள். ஐபீஸில் திருகும் பழைய மாதிரி வடிகட்டியை ஒருவர் கொண்டுவந்தபோது, வெப்பத்தில் அது வெடித்தால் கண் போய்விடும் என்று சொல்லி மரியாதையாகவே மறுத்துவிட்டார்கள். இந்த ஒரு விஷயத்தில் அவர்களை முழுசாக நம்பிக் குழந்தைகளைக் கூட்டிப் போகலாம்.

யாருக்குப் பொருந்தும் என்றால்: எட்டு வயதுக்குக் கீழே உள்ளவர்களைப் பேச்சுக்கு இழுத்து வர வேண்டாம், டெலஸ்கோப் நேரத்துக்கு மட்டும் வாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஏற்கெனவே நிறையப் படித்தவர்களுக்கு விருந்தினர் பேச்சில் புதிதாக ஒன்றும் கிடைக்காது, உறுப்பினர் பேச்சில் நிச்சயம் கிடைக்கும். ஒன்றுமே தெரியாதவர்கள் தைரியமாக வரலாம், ஆனால் சிரியஸ் எது, கார்த்திகைக் கூட்டம் எது என்று சொல்லிக்கொடுக்கும் ஆரம்பப் பாடம் எதுவும் இங்கே இல்லை, ஸ்டெல்லேரியம் போல இலவச மென்பொருள் ஒன்றை முன்பே கொஞ்சம் துழாவிவிட்டு வந்தால் நல்லது. இரவு நேரத்தில் மைதானத்தில் அசையாமல் நிற்பது நினைத்ததைவிடக் குளிரும், கையில் ஒரு மேல்சட்டை இருக்கட்டும்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு மூன்றரை தருவேன். உறுப்பினர் பேசும் மாதமும் அரை நிலாவும் சேர்ந்து வந்தால் ஐந்து, விருந்தினரும் முழு நிலாவும் சேர்ந்தால் இரண்டு.

அடுத்த மாதத் தலைப்பு ஒட்டிவிட்டார்கள்: குறுங்கோள் ஒரு விண்மீனை மறைக்கும் நேரத்தை அளப்பது. சில நொடி விண்மீன் அணைந்து மறுபடி எரியும், பல இடங்களில் நின்று பலர் அந்த நொடிகளைக் குறித்தால், டெலஸ்கோப்பில் வெறும் புள்ளியாகத் தெரியும் குறுங்கோளின் உருவமே கிடைத்துவிடும், 2013-ல் சாரிக்லோ என்ற குறுங்கோளுக்கு வளையம் இருப்பது தெரியவந்தது இப்படித்தான். பேசப்போகிறவர் அந்தத் திருவாதிரை அம்மா. நான் சீக்கிரமே போய் முதல் வரிசையில் இடம் பிடித்துவிடுவேன், அவர் குரல் மெல்லிசு, மைக்கை நம்ப முடியாது.